முழு ஒளிபரப்பு

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சினிமா வில்லன் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். உன் இருமல் நின்றதா? அந்த டேப் அறைக் குளிரில் மப்ளர் இல்லாமல் உட்காராதே.

வழக்கமாகப் போனில் பேசுகிறவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் அலறுகிறது, அப்பா காது அப்படி. இது அப்பாவுக்குத் தெரியாமல் கேட்க வேண்டிய விஷயம். பதிலையும் என் லாரி எடைமேடை ஆபீஸ் முகவரிக்கே போடு.

போன வாரம் ஜல்லி லாரிக்காரர் ஒருவர் வண்டியை மேடையில் ஏற்றிவிட்டு, சீட்டு வாங்க ஜன்னலுக்கு வந்தவர் போனை நீட்டினார். "கிரேன் அக்கா, பழைய சர்வதேச வெயிட்லிஃப்டிங் போட்டியெல்லாம் இப்ப நெட்ல முழுசா போட்டிருக்காங்க. உங்களோடது இருக்கான்னு பாருங்க." நானும் தேடினேன். நான் தூக்கிய வருஷமும் இருக்கிறது. ஆனால் பதக்கம் வாங்கிய மூன்று பேரின் கடைசித் தூக்கல் மட்டும்தான். நான்காவது ஆளை யார் போடுவார்கள்?

உன் வேலையே பழைய டேப்புகளோடுதானே. அந்தப் போட்டியின் முழு ஒளிபரப்பு எங்கேயாவது இருக்குமா? வெட்டாமல், ஒட்டாமல், முதலிலிருந்து கடைசி வரை. ஆகஸ்டுக்கு முன்னால் கிடைத்தால் நல்லது. எதற்கு என்று கேட்காதே, பார்க்க ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 24

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். இருமல் போய்விட்டது, மப்ளர் வாங்கிவிட்டேன். அப்பாவின் கண்ணாடிப் படம் ஒன்று எடுத்து அனுப்பு.

உன் கடிதத்தைப் படித்ததும் நாற்காலியில் உட்கார முடியவில்லை. இருபத்தாறு வருஷமாக நீ வாய் திறந்து கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். அன்று செய்தியில் கடைசியாக உன்னைக் காட்டியபோது நான் மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்பது வயது. நான் பார்க்கவில்லை, கீழேயிருந்து அப்பா போட்ட சத்தம்தான் கேட்டது. அதை அவர் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார், பிறகு எத்தனை தடவை பார்த்திருப்பேன்! ராடு உன் தலைக்கு மேலே நிற்கிறது. கை ஈட்டி மாதிரி நேராக இருக்கிறது. உடனே மூன்று நடுவர்களில் இரண்டு பேர் சிவப்பு விளக்கு போடுகிறார்கள். தூக்கியது செல்லாது. மூன்றாவது இடம் போச்சு. மறுநாள் பேப்பரில் 'பறிக்கப்பட்ட வெண்கலம்' என்று போட்டார்கள்.

மாஸ்டரை நினைத்தால்தான் இன்னும் ஆறவில்லை. உனக்குப் பயிற்சி கொடுத்தவர், அப்பாவின் உயிர் நண்பர், பக்கத்தில் நின்றவர். எழுந்துபோய் ஒரு வார்த்தை ஆட்சேபம் சொன்னாரா? கையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்பா அவரோடு பேசாமல் போனதில் என்ன தப்பு?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் டிவி நிலையம் அந்தப் போட்டியை அப்போது வாங்கி ஒளிபரப்பியிருக்கிறது. ஆனால் பெரிதாக நம்பிவிடாதே. அந்தக் காலத்தில் டேப் விலை அதிகம் என்று பழையதை அழித்து அதன்மேலேயே பதிவு செய்வார்கள். உலகச் சாதனை இருந்த டேப்பில் இப்போது வானிலை அறிக்கை இருக்கும். இருந்தாலும் தேடுகிறேன். கிடைத்ததும் அந்த இரண்டு நடுவர்களை ஊர் உலகத்துக்குக் காட்டாமல் விடமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். முட்டி வலி எப்படி இருக்கிறது?

உன் ஆன்டெனா

ஏப்ரல் 10

அன்புள்ள ஆன்டெனாவுக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். முட்டி மழைக்கு முந்தின நாள் மட்டும் தகவல் சொல்கிறது. மற்ற நாள் சும்மா இருக்கிறது. அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். புதுக் கண்ணால் வீட்டிலுள்ள ஒட்டடை முழுவதையும் கண்டுபிடித்து என்னிடம் காட்டுகிறார். தினம் ஒரு மூலை.

நடுவர்களை நீ ஒன்றும் செய்ய வேண்டாம். யாரையும் எங்கேயும் காட்ட வேண்டாம். டேப் இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் பார்.

மாஸ்டரைப் பற்றி எழுதியிருந்தாய். அவருக்கு எழுபத்தேழு ஆகிறது. வீட்டை விற்கிறாராம். தரகர் ஆட்களை அழைத்துவந்து காட்டுகிறார்.

வேலை அதிகம். துறைமுகச் சாலையில் புதுப் பாலம் கட்டுகிறார்கள், நாள் முழுக்க சிமென்ட் வண்டி வரிசை. முழு ஒளிபரப்பு, தம்பி. துண்டு வேண்டாம். துண்டு நம்மிடமே இருக்கிறது.

நீ நன்றாக இருப்பதே எனக்குப் போதும்.

அக்கா

மே 2

அன்பு அக்காவுக்கு,

நலம். நீயும் அப்பாவும் அப்படியே இருக்க வேண்டும்.

எங்கள் கிடங்கின் அடித்தளத்தில் அந்தப் போட்டியின் பெயரும் வருஷமும் ஒட்டிய ஒரு பெட்டி கிடைத்தது. உடனே மெஷினில் போட்டேன். ஒரு அம்மாள் வாணலியில் எதையோ கிளறிக்கொண்டு, "அடிப்பிடிக்காம பாத்துக்கணும்" என்கிறார். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். அடிப்பிடிக்கவில்லை. உன் போட்டியும் வரவில்லை.

என் மேலாளர் சிரித்தார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். "போட்டியை நடத்தின நாட்டு டிவியில கேளு. அவங்க எதையும் அழிக்க மாட்டாங்க. வெளிய கொடுக்கவும் மாட்டாங்க." எழுதிக் கேட்டேன். இருக்கிறதாம். அன்று அரங்கில் ஐந்து கேமரா வைத்து எடுத்த முழுப் பதிவு, பெட்டி திறக்காமல் இருக்கிறதாம். உரிமை மட்டும் சர்வதேசப் பளுதூக்கும் சங்கத்திடம். அவர்கள் இணையத்தில் போடுவது பதக்கக்காரர்களை மட்டும்தான். மற்றதைக் காட்ட யாருக்கும் அனுமதி இல்லை, ஒரே ஒரு ஆளைத் தவிர. போட்டியில் கலந்துகொண்டவரே கேட்டால், சொந்தமாகப் பார்க்க ஒரு பிரதி தருவார்களாம்.

விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. இதில் ஒரு சௌகரியம், அந்த ரக டேப்பை ஓட்டும் மெஷின் அந்த டிவிக்காரர்களிடம் பழுதாம். பிரதி எடுக்க எங்களிடம்தான் அனுப்பப் போகிறார்கள். அதாவது என் மேஜைக்கு.

மாஸ்டர் வீட்டை விற்றால் விற்கட்டும். அன்றைக்கே ஊரைவிட்டுப் போயிருக்க வேண்டியவர்.

அப்பாவுக்கு என் அன்பு. ரகசியம் என்பதால் மனதுக்குள் சொல்லிவிடு.

உன் தம்பி

மே 20

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் நலம். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். 'எதற்காகப் பார்க்க விரும்புகிறீர்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மூன்று லாரி ஹாரன் அடிக்கிறது, நான் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் 'அன்று நான் மேடைமேல் இருந்தேன், அதனால் பார்க்க முடியவில்லை' என்று எழுதிவிட்டேன். சிரிக்காதே, உண்மைதானே?

பேப்பரை எட்டிப் பார்த்த செங்கல் லாரிக்காரர், "என்னக்கா, லோன் அப்ளிகேஷனா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "அட, அன்னைக்கு உங்கள ஏமாத்திட்டாங்களாமே, எங்கப்பா சொல்லுவாரு" என்று வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டார். அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்ததற்கு அவர் வருத்தப்படுகிறார். இப்படித்தான் ஊரே என்னைப் பார்த்துத் தலையை ஒரு பக்கம் சாய்க்கும். பழகிவிட்டது என்று எழுத நினைத்தேன். பழகவில்லை.

மாஸ்டரைப் பற்றி இனி அப்படி எழுதாதே.

டேப் வந்ததும் உடனே ஒரு வரி போடு. வெயில் காலம், தண்ணீர் நிறையக் குடி.

அக்கா

ஜூன் 30

அன்பு அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? முட்டி வலி இல்லையே? பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம்.

டேப் வந்தது. ஈரம் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தது. அடுப்பு மாதிரி ஒரு பெட்டியில் மெல்லிய சூட்டில் வைத்து எடுத்தால்தான் ஓடும். வைத்து எடுத்தோம். ஆனாலும் படம் கோடு கோடாக வருகிறது. உன் முறை வரும் இடத்தில்தான் ரொம்ப மோசம். எதையும் எதிர்பார்க்காதே. யோசித்துப் பார்த்தால் அந்தப் பழைய கதை நமக்கு எதற்கு? அப்பாவுக்கும் வயதாகிவிட்டது. கேசட் இருக்கிறது, அது போதும் அவருக்கு.

வேலை செய்யும்போது அதிக நேரம் நிற்காதே. உடம்பு முக்கியம். நேரத்துக்குத் தூங்கு. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஜூலை 8

தம்பி,

நான் நலம். அரைப் பக்கத்தில் மூன்று தடவை என் உடம்பைப் பற்றி எழுதியிருக்கிறாய், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டேப் நிஜமாகக் கெட்டுப்போயிருந்தால் நீ அந்த டிவிக்காரர்களை இரண்டு பக்கத்துக்குத் திட்டியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? நீ பார்த்துவிட்டாய்.

இடது முழங்கை, இல்லையா? ராடு மேலே போனதும் கை பூட்டிக்கொள்ள வேண்டும். என் இடது கை பூட்டிக்கொண்டது, பிறகு கொஞ்சம் மடங்கியது, மறுபடி நிமிர்த்தினேன். அது செல்லாது. பக்கவாட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் ஊர்ச் செய்தியில் காட்டியது எதிரே இருந்த கேமரா எடுத்தது. அதிலும் நான் நிமிர்த்தி முடித்த பிறகு வந்த நாலு விநாடி. அதில் என் கை ஈட்டிதான்.

இதை நான் மறைக்கவில்லை. விமானத்திலிருந்து இறங்கினதுமே மாலையோடு நின்ற அப்பாவிடம் சொன்னேன். "கை மடங்கிடுச்சுப்பா, அவங்க மேல தப்பில்ல." அப்பா என் தலையைத் தடவி, "உனக்கு நல்ல மனசும்மா. அந்த ஆளைக் காப்பாத்தப் பாக்கற" என்றார். மாஸ்டரைத்தான் அப்படிச் சொன்னார். அன்றைக்குப் பிறகும் எத்தனையோ தடவை சொன்னேன். உன்னிடமே நீ பத்தாவது படிக்கும்போது சொன்னேன். நீ, "விடுக்கா, பெருந்தன்மை எல்லாம் வேணாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டாய். அம்மா இருந்தபோது அவள் ஒருத்திதான், "மடங்கினப்ப வலிச்சுதா?" என்று கேட்டாள்.

நான் சொல்லி நம்பாதவர்கள் டேப்பை நம்புவார்கள். அதனால்தான் கேட்டேன். முன்பே சொன்னால் நீ தேடியிருக்க மாட்டாய், என்னோடு சண்டைதான் போட்டிருப்பாய்.

ஆகஸ்ட் கடைசியில் மாஸ்டர் மகனிடம் போகிறார், நிரந்தரமாக. வாரம் ஒரு நாள் வேலை முடிந்ததும் அவரைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். அப்பாவுக்குத் தெரியும். தெரியாதது மாதிரி சாப்பாட்டைச் சூடு பண்ணி வைத்துவிட்டுப் பேப்பர் படிப்பார். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள், தம்பி. ஒரே சலூனுக்குப் போகிறார்கள். இவர் நாற்காலியில் இருந்தால் அவர் வாசலோடு திரும்பிவிடுகிறார்.

இன்னொன்றும் உண்டு. ஊரில் எல்லோரும் என்னை ஏமாற்றப்பட்டவள் என்கிறார்கள். எனக்கு அந்தப் பட்டம் வேண்டாம். என்னை யாரும் ஏமாற்றவில்லை. நான் போட்டியிட்டேன், தோற்றேன். அந்தத் தோல்வி என்னுடையது. அதைத் திருப்பிக் கொடுங்கள்.

முழுசாகப் பார்த்தாயா, அல்லது கை மடங்கின இடத்தில் நிறுத்திவிட்டாயா? நிறுத்தியிருந்தால், முதலிலிருந்து போட்டுப் பார். பிறகு அனுப்பு.

அக்கா

ஜூலை 19

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தபோது நலமாக இல்லை, இப்போது நலம்.

நீ சொன்னபடிதான். முழங்கை மடங்கியதைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டேன். உன் மானம் என் கையில் இருக்கிறது, நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்துவிட்டேன். உன் மானத்துக்கு என் காவல் எதற்கு? உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலை முதலிலிருந்து போட்டேன்.

அக்கா, நீ ஏன் இதை யாரிடமும் சொல்லவில்லை?

உன் இரண்டாவது தூக்கல் முடிந்துவிட்டது. மேடைக்குப் பின்னால் ஒரு கேமரா இருந்திருக்கிறது. நீ நாற்காலியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். இவ்வளவு ஒல்லியாகவா இருந்தாய்! மாஸ்டர் வருகிறார், தலையில் முழுக்க முடி. கடைசித் தூக்கலுக்கு எவ்வளவு எடை என்று எழுதிக் கொடுக்கும் சின்ன அட்டை அவர் கையில். உனக்குக் காட்டுகிறார். கேமரா கிட்டே போகிறது. நூற்றேழரை கிலோ. நீ தலையை ஆட்டுகிறாய், வேண்டாம் என்று. அவர் குனிந்து ஏதோ சொல்கிறார். நீ மறுபடி தலையை ஆட்டுகிறாய். அவர் கையிலிருந்து பேனாவை வாங்குகிறாய். அவர் முதுகையே மேஜையாக்கி, அந்த எண்ணை அடித்துவிட்டு எழுதுகிறாய். நூற்றுப் பன்னிரண்டரை. மாஸ்டர் அட்டையைப் பார்க்கிறார், உன்னைப் பார்க்கிறார். பிறகு உன் தோளில் ஒரு அடி, என்ன சத்தம்! சிரித்துக்கொண்டே கொடுக்கப் போகிறார்.

அந்த நாட்டு மொழியில் வர்ணனை. எங்கள் ஆபீஸில் சப்டைட்டில் எழுதும் பெண்ணுக்கு அது தெரியும். கூட்டிவந்து உட்காரவைத்தேன். அவள் ஹெட்போனைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'நூற்றேழரையை எடுத்தால் வெண்கலம் கிட்டத்தட்ட கையில். இந்தப் பெண் அதை விட்டுவிட்டார். அவர் கேட்டிருக்கும் எடை தங்கத்துக்கான எடை. இந்த வருஷம் அவர் பயிற்சியில்கூட இதைத் தூக்கியதில்லை என்று இங்கே சொல்கிறார்கள்.' அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னிடம், "யாருங்க இவங்க? பயமே இல்லையா?" என்றாள். "எங்க அக்கா" என்றேன்.

ஏறினாய். தோள் வரை கொண்டுவந்தாய். மேலே போனது. கை மடங்கியது, நிமிர்ந்தது. சிவப்பு, சிவப்பு, வெள்ளை. வர்ணனையாளர், 'முடிவு சரி. முழங்கை' என்கிறார்.

நம் கேசட் அங்கே முடிந்துவிடும். டேப் முடியவில்லை. ராடைக் கீழே வைக்கிறாய். நடுவர்களுக்குத் தலை வணங்குகிறாய். குனிந்து ராடை ஒரு தட்டுத் தட்டுகிறாய், மாட்டைத் தட்டுவது மாதிரி. திரும்பும்போது உன் முகம் கேமராவுக்கு வருகிறது. நீ சிரிக்கிறாய், அக்கா! வாய் நிறையச் சிரிக்கிறாய். உள்ளே உட்கார்ந்திருந்த தங்கப் பதக்கக்காரி எழுந்து உனக்கு வழிவிட்டுக் கை தட்டுகிறாள். இருபத்தாறு வருஷமாக நாங்கள் அழுதுகொண்டிருந்தது யாருக்காக என்று எனக்குப் புரியவில்லை.

மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எடிட்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். டீ கொண்டுவந்தவரும் நின்று பார்த்தார். சொந்தமாகப் பார்க்க மட்டும்தான் அனுமதி என்றார்கள். இவர்களும் இனி சொந்தம்தான்.

பென் டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். டிவியின் பின்பக்கம் செருகினால் போதும். படம் கண்ணாடி மாதிரி தெளிவு.

மாஸ்டரைப் பற்றி நான் எழுதியதெல்லாம் கிழித்துப் போடு.

உன் தம்பி என்று சொல்லிக்கொள்ளும்
ஆன்டெனா

ஆகஸ்ட் 5

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். இந்தத் தடவை உண்மையிலேயே நலம்.

சப்டைட்டில் பெண்ணுக்கு என் அன்பைச் சொல். பயம் இருந்தது என்று சொல். கால் வெடவெடவென்று ஆடியது, துண்டு போர்த்தியிருந்ததால் தெரியவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தாய். தூக்கியிருந்தால் சொல்லியிருப்பேன். தூக்காத எடையைச் சொல்லி என்ன பெருமை அடிப்பது? செய்தியில் எடையைச் சொல்லவில்லை, நான்காவது வந்தவளுக்குப் போனது வெண்கலம்தான் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். அதோடு, கையில் வந்த வெண்கலத்தை நானே விட்டேன் என்று தெரிந்தால், அதற்கும் மாஸ்டரைத்தான் அப்பா பிடித்திருப்பார், ஏன் தடுக்கவில்லை என்று. மாஸ்டர் ஆட்சேபம் சொல்லாமல் வந்ததற்கு ஒரே காரணம், ஆட்சேபிக்க ஒன்றும் இல்லை. அவர் நேர்மையானவர். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்ததும், "அப்பா, தம்பி ஒண்ணு அனுப்பியிருக்கான், உக்காருங்க" என்றேன். நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். புதுக் கண்ணுக்கு முதல் பெரிய வேலை.

மாஸ்டர் அட்டையோடு வந்ததும் அப்பா நிமிர்ந்தார். "இவன் என்ன காட்றான்?"

"நூத்தி ஏழரை."

"நீ ஏன் தலைய ஆட்டற?"

"வேணாம்னு."

"அது மூணாவது இடமாச்சே."

"ஆமாம்ப்பா. முதல் இடம் அஞ்சு கிலோ தள்ளித்தான் இருந்துச்சு."

என்னைத் திரும்பிப் பார்த்தார். டிவியில் நான் மாஸ்டர் முதுகில் எழுதிக்கொண்டிருந்தேன்.

தூக்கல் வந்தது. பார்த்தார். "திரும்பப் போடு." போட்டேன். பக்கவாட்டுக் கேமராவில் மெதுவாக இன்னொரு தடவை காட்டுகிறார்களே, அங்கே நிறுத்தச் சொன்னார். எழுந்துபோய் டிவித் திரையில் மூக்கு ஒட்ட நின்று பார்த்தார். தன் இடது கையை மேலே நீட்டி, மடக்கி, நீட்டினார்.

"மடங்கிடுச்சு" என்றார்.

"ஆமாம்ப்பா."

"நீ அன்னைக்கே சொன்ன."

"சொன்னேன்."

"ஏர்போர்ட்லயே சொன்ன."

மிச்சத்தை ஓட்டினேன். நான் சிரித்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் அப்பாவுக்கு உதடு துடித்தது. "இவ்ளோ சந்தோஷமாவா இருந்த? நான் வந்து உன்னை அழவச்சேனே" என்றார். பக்கத்தில் போய் நின்றேன்.

பிறகு வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பொத்தான் மாறிப் போட்டிருந்தது, சொன்னேன், கேட்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. சாயங்காலம் வந்தவர், "சாப்ட்டுட்டேன்" என்றார். எங்கே என்று அவரும் சொல்லவில்லை. பொத்தானை மட்டும் யாரோ சரியாகப் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

உனக்கு எழுதப் போவதாகச் சொன்னார். பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

உன் கையெழுத்தைப் பார்ப்பதே ஒரு தெம்பு, அடிக்கடி எழுது.

அக்கா

ஆகஸ்ட் 29

சிரஞ்சீவி மகனுக்கு,

அப்பா ஆசிகளுடன் எழுதுவது. நாங்கள் க்ஷேமம். கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிவிட்டது, கை கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள்.

உன் அக்கா உனக்கு எல்லாம் எழுதியிருப்பாள். அவள் பார்க்காததை நான் எழுதுகிறேன்.

அன்று அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். மணியை அடிக்கக் கை வரவில்லை. அவனே வெளியே வந்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான். "டேப் வந்துடுச்சா?" என்றான். உன் அக்கா அவனிடம் சொல்லித்தான் வைத்திருக்கிறாள்.

"வந்துச்சு."

"கை மடங்குச்சா?"

"மடங்குச்சு."

"எந்த எடைக்கு? அதையும் உன் வாயால சொல்லு."

"நூத்திப் பன்னண்டரை."

"அப்படிச் சொல்லு. மூணாவது இடம், மூணாவது இடம்னு ஊரெல்லாம் சொல்லி என் புள்ளையச் சின்னதாக்கிட்டியேடா."

"உன் புள்ளையா? என் பொண்ணுடா அவ."

"பெத்தது நீ. அந்த எடையக் கேக்கற தைரியம் யார் குடுத்தது?"

"அதுவும் எங்க வீட்டு ரத்தம்தான்."

"உங்க வீட்டு ரத்தமா? நீ மாடிப்படி ஏறவே பயப்படுவ."

வாசலிலேயே நின்று இதைப் பற்றிச் சண்டை போட்டோம். இருபத்தாறு வருஷம் பேசாததையும் சேர்த்துச் சத்தமாகவே போட்டோம். எதிர்வீட்டில் ஜன்னல் திறந்து பார்த்தார்கள். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். கேட்டேன். "சட்டைப் பொத்தான சரியாப் போடு முதல்ல" என்று அவனே போட்டுவிட்டான். அவ்வளவுதான் அவன் சொன்ன பதில். பிறகு சாப்பாடு.

அதற்குப் பிறகு தினமும் போனேன். வீட்டைக் காலி செய்ய அவனுக்குக் கூட ஒரு ஆள் வேண்டும் இல்லையா?

நேற்று அவன் கிளம்பினான். ரயிலடிக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். அவனிடம் இரண்டு இரும்புப் பெட்டி. ஒன்றில் புத்தகம், இன்னொன்றில் அவன் விட்டுப் போக மனசு வராத, ராடில் மாட்டும் எடைத் தட்டுகள். யாருக்காவது கொடுத்துவிடு என்றால் கேட்கமாட்டேன் என்கிறான். லிஃப்ட் வேலை செய்யவில்லை. படி ஏறித்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். பெட்டி தூக்கும் ஆள் ஒருவர் வந்து ஒன்றை அசைத்துப் பார்த்தார், இரண்டு பேர் வேண்டும் என்று கூட்டாளியைக் கூப்பிடத் திரும்பினார்.

அதற்குள் உன் அக்கா குனிந்துவிட்டாள். நாற்பத்தெட்டு வயது, முட்டி வலி, எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை. வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று. அந்த ஆள் பதறிப்போய் என்னிடம் ஓடிவந்தார். "பெரியவரே, அவங்களத் தடுங்க, இடுப்பு புடிச்சுக்கப் போவுது!"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அவன் சொல்லிவிட்டான். "விடுப்பா. அவ தூக்குவா."

அவள் படியேறி மேலே போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யார் முந்துவது என்று பார்த்துக்கொண்டே பின்னால் ஏறினோம்.

நீ நீடூழி வாழ்க.

அப்பா